சேர்த்தது அரசு, தேற்ற வேண்டியது பல்கலைக்கழகம்

பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 2021இல் கொண்டுவந்தது. நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி வந்த சட்டம் அது. அப்போது வெளியான கணக்கு எவரையும் தலைகுனிய வைக்கும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதும் மாநிலத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்தவர்களில் அவர்களின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை.

சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010இலிருந்தே இருக்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. இன்னும் பின்னால் போனால், நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம். அரசு தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைப் பெருமளவு செய்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பதே நம் கேள்வி.

பொறியியலின் முதல் செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம், ஆங்கிலம். அத்தனையும் ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கணிதம் படித்து, வகைக்கெழு என்றும் தொகையிடல் என்றும் அறிந்த மாணவி, அதே கணக்கை வேறு பெயரில், மூன்று மடங்கு வேகத்தில் எதிர்கொள்கிறாள். அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஐந்தாம் வகுப்பிலிருந்து கணினியைத் தொட்டவர். இவள் உயிரியல் பிரிவில் படித்தவளாக இருந்தால், நிரல் எழுதுவதே முதல்முறையாக இருக்கும். முதல் இன்டர்னல் தேர்வுக்குள் இந்த இடைவெளியை அவளே நிரப்பிக்கொள்ள வேண்டும். இயலாவிட்டால் அரியர். ஒரு அரியர் அடுத்த செமஸ்டரின் நேரத்தைத் தின்னும்; பிளேஸ்மென்டுக்கு வரும் நிறுவனங்கள் பல, அரியர் இருப்பவர்களைத் தேர்வெழுதவே விடுவதில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில வார அறிமுகப் பயிற்சி இருக்கிறதே என்பார்கள். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வகுத்த அந்தத் திட்டம், கல்லூரிச் சூழலுக்குப் பழக்குவதற்கானது. பன்னிரண்டு ஆண்டுத் தமிழ்வழிக் கல்விக்கும் ஆங்கிலவழிப் பொறியியலுக்கும் நடுவே சில வாரங்களில் பாலம் கட்டிவிட முடியாது. தமிழ்வழிப் பொறியியலைச் சுட்டுவோரும் உண்டு. 2010இல் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு பிரிவுகளில் தொடங்கிய நல்ல முயற்சி அது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அந்தத் தடுமாற்றமே இது எவ்வளவு அரைமனதோடு நடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. மேலும், கணினி அறிவியலோ மின்னணுவியலோ எடுத்த தமிழ்வழி மாணவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

வழி இல்லாமல் இல்லை. நம் ஐஐடிகளே, தகுதி மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு நடத்தி, பிறகு பி.டெக்.கில் சேர்க்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகம் 1980களிலேயே, நிறவெறி ஆட்சி முடியும் முன்னரே, பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வந்த பொறியியல் மாணவர்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டுக்கு விரித்து, அடிப்படைப் பாடங்களைச் சிறிய வகுப்புகளில் நிதானமாக நடத்துவது அதன் முறை. இறுதியில் எழுதுவது அதே தேர்வு, பெறுவது அதே பட்டம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகளே நான்காண்டுப் படிப்பை ஏழாண்டுக்குள் முடிக்க இடம் தருகின்றன. இன்று அந்தக் கூடுதல் ஆண்டுகள் அரியர் எழுதிக் கழிகின்றன. அவற்றில் ஒன்றை, விரும்புகிறவர்களுக்கு, தொடக்கத்திலேயே முறையான ஆயத்த ஆண்டாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஐந்தாம் ஆண்டுக் கட்டணத்தையும் அரசு ஏற்க வேண்டும். தோற்றபின் ஆகும் செலவைவிட அது நிச்சயம் குறைவு.

தரம் போய்விடும் என்று ஒரு குரல் உடனே எழும். அரியரை ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. 2020இல் அப்படியொரு அறிவிப்பு வந்ததும், ‘அரியர் மாணவர்களின் அரசனே’ என்று அன்றைய முதல்வருக்குப் பேனர் வைத்த கூத்தையும் நாடு பார்த்தது. நாம் கேட்பது நேர்மாறானது: தேர்வின் கடுமை அப்படியே இருக்கட்டும், அதை எழுதத் தயார்செய்யும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். தன் மாணவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் தொடர்ந்து தோற்கவிடும் நிறுவனம் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தன் வகுப்பறையைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் 7.5 விழுக்காட்டில் சேர்ந்தார்கள் என்பது செய்தியாகிறது, படமும் வருகிறது. 2021இல் சேர்ந்த முதல் பேட்ச் 2025இல் படிப்பை முடித்திருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் அரியரோடு நிற்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள்? பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்துவதும் மதிப்பெண் பதிவதும் பல்கலைக்கழகம்தான். இந்தப் பட்டியலை எடுப்பது அதன் கணினிக்கு ஒரு பொழுது வேலை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்ததைக் காரணம் காட்டலாம். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியின் விலையைக் கிராமத்துப் பிள்ளைகள் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த கவுன்சலிங் தொடங்குமுன் அந்தக் கணக்கைப் பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாக, பாட வாரியாக வெளியிட வேண்டும். உயர்கல்வித் துறை அதைக் கேட்டு வாங்க வேண்டும்.