குளியலறைக்குள் எரிவாயு கெய்சர் வேண்டாம்

நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் சுபுஹு நேரத்து உளூவுக்கு வெந்நீர் தேவைப்படுகிறது. முதியோரும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதனை ஆடம்பரம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மின்கட்டணம் மிச்சமாகும் என்று எரிவாயு கெய்சரை வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டும் வழக்கத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம். காற்றோட்டமற்ற அறையில் எரிவாயு எரியும்போது பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைசுற்றுகிறதே என்று எண்ணுபவர் கதவைத் திறக்குமுன்பே மயங்கி விழக்கூடும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பார்கள். குளிர்காலத்தில் அதைத் திறப்பவர் யார்? எரிவாயுதான் வேண்டுமெனில் கெய்சர் வெளிச்சுவரில் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

நம் தெரிவு தொட்டியுள்ள மின்சார கெய்சரே. 15 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் உள்ளது ஏறத்தாழ 20 நிமிடத்தில் நீரைச் சூடாக்கிவிடும். பாங்குக்குச் சற்று முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடலாம். எர்த் இணைப்பும், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் அதையும் மாட்டவேண்டாம். நட்சத்திரக் குறியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.