தண்டம் கட்டுபவன் தள்ளுவண்டிக்காரன் மட்டும்தானா?

2019 சனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். வாய்க்காலை அடைக்கும், மாட்டின் வயிற்றை நிரப்பும் அந்தப் பையிடம் நமக்குப் பாசமில்லை!

ஆனால் ஒன்று கேட்கிறோம். இட்லிக்கு வாழையிலை உண்டு. வெட்டிய பழத்தை, ரொட்டித் துண்டைக் கெடாமல் காக்க ஏழை வணிகன் எதைச் சுற்றுவான்? பிடிபட்டால் தண்டம் கட்டுபவன் தள்ளுவண்டிக்காரன். அவனுக்கு மாற்றுப் பொருள் தருபவர் யார்?

மாற்றே இல்லை என்பாருக்கு ஆய்வுக்கூடம் மறுமொழி சொல்கிறது. மரவள்ளிக் கிழங்கு மாவை நீரில் கலந்து காய்ச்சினால் கூழாகும். நொறுங்காதிருக்கச் சிறிது கிளிசரின் சேர்த்து, மெல்லப் பரப்பி உலர்த்தினால், கண்ணாடி போன்ற தாள் கிடைக்கும். அந்தக் கூழிலேயே கிராம்பின் சாரத்தையோ ஓமத்தின் சாரத்தையோ கலக்கிறார்கள். கிராம்பிலே யூஜினால், ஓமத்திலே தைமால். தாளிலிருந்து சிறுகச் சிறுகக் கசிந்து, உணவை அழுகவைக்கும் நுண்ணுயிரின் மேலுறையை இவை சிதைக்கின்றன. பண்டம் கூடுதலாகத் தாங்குகிறது. தாளோ மண்ணோடு மண்ணாகிறது!

குறையே இல்லையா? உண்டு; மறைக்கமாட்டோம். ஈரம் பட்டால் மாவுத்தாள் தளரும். வேறு பொருள் கலந்து அதை உறுதியாக்க வேண்டும். சாரம் மிகுந்தால் பண்டத்தில் கிராம்பு வாடை வீசும். குறைந்தால் கிருமி சாகாது. கெட்டுப்போன உணவை எந்தத் தாளும் நல்லதாக்காது.

இன்னொன்று: 'மக்கும்' என்று அச்சடித்ததெல்லாம் மக்கிவிடாது. மக்காச்சோளத்திலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலக் கோப்பை, ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடத்தில்தான் விரைந்து மக்கும். சாக்கடையோரம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அச்சடித்த எழுத்தை நம்பாதீர்கள். எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்று கேளுங்கள்!

மரவள்ளி எங்கே விளைகிறது? சேலத்தில், நாமக்கல்லில், தருமபுரியில்! வெயிலில் வெந்து விளைவித்தவன், விலை சரிந்தால் தலையில் கை வைக்கிறான். ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் சந்தை தேடித்தர 1981-இல் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஆராய்ச்சி நிலையம். மைசூரில் 1950 முதல் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். கிழங்கு இருக்கிறது; கூட்டுறவு இருக்கிறது; அறிவும் இருக்கிறது! மூன்றையும் இணைக்கும் கை எங்கே?

அரசு இணைக்காவிட்டால் பெருமுதலாளி இணைப்பான். கிழங்கை அடிமாட்டு விலைக்கு வாங்குவான். தாளை ஆனை விலைக்கு விற்பான். உழவனுக்கும் நட்டம், தள்ளுவண்டிக்காரனுக்கும் நட்டம். இடையிலே ஒருவனுக்கு மட்டும் ஏற்றம்! இதற்கா விஞ்ஞானம்?

கூட்டுறவு ஆலையில் தாள் உருவாகட்டும். தடை செய்த பையின் விலைக்கே கடைக்காரனுக்குக் கிடைக்கட்டும். கூடுதல் செலவை அரசு ஏற்கட்டும். தடை போட ஒரு கையெழுத்துப் போதும். மாற்றுத் தர மனம் வேண்டும். தண்டச் சீட்டை நீட்டும் கை, முதலில் அந்தத் தாளை நீட்டட்டும்!