பளபளப்பை விடுங்கள், கிழிசலைப் பாருங்கள்!

இங்கிலாந்தில், காஸ்ஃபோர்டில் உள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் ஒரு காமெட் விமானம் நிற்கிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் காமெட்தான். முதல் தலைமுறை காமெட்டுகளில் முழுசாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். எஞ்ஜின்களை இறக்கைக்குள்ளேயே ஒளித்துக்கொண்ட அழகி. முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் வைத்திருக்கும் இன்னொரு காமெட்டை. அது முழு விமானம் இல்லை. கிழிந்துபோன கூரைத் துண்டு.

1952 மே 2ம் தேதி காமெட் முதன்முதலாகப் பயணிகளோடு லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்குக் கிளம்பியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே மே 2ல், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று புயலில் நொறுங்கி 43 பேர் இறந்தார்கள். பழி புயலின் தலையில் விழுந்தது. 1954 ஜனவரி 10ம் தேதி, எல்பா தீவருகே வானத்திலேயே இன்னொன்று சிதறியது. 35 பேர் காலி. இப்போது புயல் இல்லை.

விமானங்களை நிறுத்தினார்கள். எஞ்ஜினில் தீயாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம், இதுவாக இருக்கலாம் என்று யூகித்து, எல்லாவற்றுக்கும் ஒட்டுப் போட்டார்கள். மார்ச் 23ல் மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறே நாள்! ஏப்ரல் 8ம் தேதி நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து 21 பேர் இறந்தார்கள்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் பட்டென்று முறியுமே, அந்தக் கதைதான். உலோகம் களைத்துப்போய் விமானத்தின் உடல் பிளந்தது.

'சதுர ஜன்னல் வைத்ததுதான் தப்பு' என்று இன்றைக்கும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்பாவில் விழுந்த விமானத்தில் கிழிசல் ஆரம்பித்தது பயணிகள் ஜன்னலில் இல்லை சார், கூரையில் ஏரியலுக்காக வெட்டிய திறப்பில்! அதுகூட இரண்டாம் பட்சம். வடிவமைப்பில் தவறு செய்வது மனித இயல்பு, அதை மன்னிக்கலாம். காரணம் தெரியாமலே டிக்கெட் விற்றதை எப்படி மன்னிப்பது? அந்த 21 பேரைக் கொன்றது ஜன்னல் இல்லை, அவசரம்.

'விமானம் தரையில் நின்றால் தினமும் நஷ்டம் ஆகுமே?' என்பீர்கள். ஆகும்தான். அந்த நஷ்டத்தைக் கம்பெனி தாங்கட்டும். பயணி ஏன் உயிரால் கட்ட வேண்டும்?

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 2018 அக்டோபர் 29ல் இந்தோனேஷியாவில் போயிங் 737 மேக்ஸ் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் மென்பொருள்மீது சந்தேகம் வந்தது. பைலட்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பிவிட்டு, அதே ரக விமானங்களைப் பறக்கவிட்டார்கள். 2019 மார்ச் 10ல் எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர். 1954ல் தெரியாமல் செய்தார்கள் என்றாவது சொல்லலாம். இவர்களுக்குப் பாதி தெரிந்திருந்தது!

பளபளக்கும் விமானம், மனிதன் எவ்வளவு உயரம் போனான் என்று சொல்லும். ஏன் விழுந்தான் என்பதைக் கிழிசல்தான் சொல்லும். அடுத்த முறை ஒரு விபத்துக்குப் பின் எந்த அதிகாரியாவது 'இனி பயமில்லை, பறக்கலாம்' என்று டி.வி.யில் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'காரணம் தெரிஞ்சுதா, சரி பண்ணியாச்சா?'

இரண்டுக்கும் 'ஆமாம்' வரும் வரை, ரயிலில் போகலாம்.