சூனியக்காரி யார்?

‘த குருசிபிள்’ (1996) ஒரு முற்போக்கான படம் என்றே இன்றும் பலர் சொல்லி வருகிறார்கள். ஆதர் மில்லரின் 1953ஆம் ஆண்டு நாடகத்தை, அவரே எழுதிய திரைக்கதையில் நிக்கலஸ் ஹைட்னர் படமாக்கினார். 1692இல் மசாசூசெட்ஸ் ஆங்கிலேயக் குடியேற்றத்தில், சேலம் என்ற ஊரில், சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டி மனிதரைத் தூக்கிலிட்ட கதை. அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டையை மனதில் வைத்து மில்லர் அதை எழுதினார். 1956இல் விசாரணைக் குழுவின் முன் மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தவர் அவர். அந்தத் துணிவை வணங்கலாம். படத்தை வணங்க என்னால் முடியாது.

படத்தில் இத்தனை சாவுக்கும் ஊற்று யார்? அபிகெயில் என்ற இளம்பெண். ஜோன் புறொக்டரின் வீட்டில் வேலைசெய்தவள், அவனோடு உறவு கொண்டவள், கைவிடப்பட்டதும் அவனுடைய மனைவியை ஒழிக்கத் துணிந்தவள். வரலாற்றிலோ அபிகெயிலுக்கு 11 அல்லது 12 வயது. புறொக்டருக்கு அறுபது வயதளவில். உறவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவளை 17 வயதாக்கியது மில்லர். வயதைக் கூட்டியதை நாடக நூலில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா என்பீர்கள். உண்டு. அந்தச் சுதந்திரம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதே எனது கேள்வி.

முதல் முறைப்பாட்டைக் கொடுத்தவர்கள் சிறுமிகள் அல்லர். வளர்ந்த நான்கு ஆண்கள். ஒருவரின் ஆவியுரு வந்து தன்னைக் கிள்ளியது என்று ஒரு பிள்ளை அலறினால், அதைச் சாட்சியமாக ஏற்றவர்கள் படித்த நீதிபதிகள். சேரா குட் என்ற ஏழைப் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். நான்கைந்து வயதான அவளது மகளையும் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள். தூக்கில் தொங்கிய 19 பேரில் 14 பேர் பெண்கள். கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றவர்கள் தூக்குக்குத் தப்பினார்கள், மறுத்தவர்கள் செத்தார்கள். இந்த ஏற்பாட்டை ஒரு சிறுமியா செய்தாள்?

நீதிமன்றத்தின் கொடுமையைப் படம் மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு பெண்ணின் காமத்தை மூலகாரணமாக்கும்போது, அது சேலத்து நீதிபதிகளின் மொழியையே பேசுகிறது. கேட்டின் வேர் பெண்ணுடலில் இருக்கிறது என்பதுதானே அவர்களுடைய தீர்ப்பும்? சூனிய வேட்டையைக் கண்டிக்க வந்த படம் தனக்கென்று ஒரு சூனியக்காரியைச் செய்துகொண்டது. ஆணுக்குத் தியாகியின் சாவு, அவளுக்குப் பழி.

குற்றஞ்சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706இல் ஊர்த் தேவாலயத்தில் எழுந்துநின்று மன்னிப்புக் கேட்டாள். 1692இல் அவளுக்கு 12 வயது. நீதிபதிகளில் சாமுவேல் சுவால் 1697இல் பகிரங்கமாகத் தன் குற்றத்தை ஏற்றார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்ரோட்டன் 1701இல் சாகும்வரை அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எமது வெறுப்புக்கு உரியவர் யார்?

இன்னொன்று. பியூரிற்றன்கள் தமது விசுவாசத்துக்காக இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்டுக் கடல்கடந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஒடுக்கப்பட்டோம், ஓடிவந்தோம் என்பது எவருக்கும் நற்சான்றிதழ் ஆகாது. அகதிக் கப்பலில் வந்தவனும் தூக்குமரம் நடுவான். அதை வாசகர்களாகிய நாம், நாடு பெயர்ந்து வந்திருக்கும் நாம், எவருக்கும் முன்னதாக விளங்கிக்கொள்ள வேண்டும்.