பதில் சொல்லாத சிப்புக்காக முழு கம்பியூட்டரும் விழணுமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போச்சு. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். எங்கட நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. நாங்க குரங்கை வைத்து மீம் போட்டுச் சிரிச்சோம். ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு மூலையில் வந்த பிழையை அந்த மூலையிலேயே ஏன் நிறுத்த ஏலாமப் போச்சு?

இதே கேள்வி கம்பியூட்டருக்குள்ளும் இருக்கு. பிரதான ப்ரொசெஸருக்குத் துணையாகச் சில சிப்கள் வேலை செய்கின்றன. திரையில் படம் வரைய ஒன்று, இரகசியச் சாவிகளைக் காக்க இன்னொன்று. ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலில் இருக்கும் ட்ரைவர்தான் அவற்றுக்கு வேலை கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரவே இல்லையென்றால்? முடிவில்லாமல் காத்திருந்தால், வேலை கேட்ட ப்ரோகிராமும் தொங்கிப்போகும். கெர்னலையே விழுத்தினால், சேமிக்காத எல்லாம் போகும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கு. ஏஎம்டியின் பாதுகாப்புச் சிப்பைக் கையாளும் லினக்ஸ் ட்ரைவர், கட்டளைக்குப் பதில் வர வழமையாக 100 செக்கன் பொறுக்கும். வராவிட்டால் அந்தச் சிப் செத்துட்டு என்று குறித்துக்கொள்ளும். பிறகு யார் கேட்டாலும் உடனே பிழை என்று சொல்லும். சாவி கிடைக்காது, ஆனா மற்ற வேலைகள் ஓடும். விண்டோஸும் அப்படித்தான். கிராபிக்ஸ் சிப் 2 செக்கனுக்கு அசையாவிட்டால், அதை மட்டும் ரீசெட் செய்யப் பார்க்கும்.

இதிலும் ஒரு ஆபத்து. சிப் உண்மையில் செத்ததா, பிந்துதா என்று ட்ரைவருக்குத் தெரியாது. அதுக்குக் கொடுத்த மெமரியை வேறொரு ப்ரோகிராமுக்குக் கொடுத்தபின் சிப் விழித்தால், அங்கேயே போய் எழுதிவிடலாம். அதனால் ஏஎம்டி சிப்பிடமிருந்து மீட்க முடியாத மெமரிப் பக்கங்களை லினக்ஸ் வேணுமென்றே கைவிட்டுவிடும். கற்பிட்டிக் கரைவலைக்காரருக்கு இது விளங்கும். ஒருவர் வலை கடலில் கிடக்கும்போது அதே பாட்டில் இன்னொருவர் வலை வளைப்பாரா?

'எல்லாத்தையும் நிறுத்துறதுதான் பாதுகாப்பு' என்பாரும் உண்டு. கெர்னலின் சொந்த மெமரியே கெட்டுப்போனால் அது சரி. மேலும் ஓடினால் ஃபைல்களும் கெடும். ஆனா ஒரு துணைச் சிப் பேசாமல் இருப்பது அப்படிப்பட்ட நிலை இல்லை. கெர்னலை விழுத்தும் கட்டளைகளைப் புதிதாகச் சேர்க்காதீங்க என்று லினக்ஸின் சொந்த வழிகாட்டியே சொல்லுது.

இதை எஞ்சினியர்மாரின் வேலை என்று விட்டுவிட ஏலாது. எவ்வளவு நேரம் பொறுப்பது, எதைத் துண்டிப்பது, யாருக்குச் சொல்வது என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்காத எந்த அமைப்பிலும், நட்டம் கடைசியில் பாவிக்கிற எங்கட தலையில்தான் விழும்.