இட்டேரி இருக்கும்போது கிராவல் ரூட் எதுக்குத் தேடறீங்க?

கிராவல் பைக் வாங்க காசு சேர்த்துட்டு இருக்கீங்களா? வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா "நம்ம ஊர்ல கிராவல் ரூட்டே இல்ல மச்சி, அதெல்லாம் இத்தாலி, அமெரிக்காவுலதான்"னு சொல்றீங்க பாருங்க, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் படிச்சுக்கிட்டு இதைச் சொல்றது, ஆத்தோரம் குடியிருந்துட்டு நீச்சல் குளம் எங்கேன்னு கேக்கற மாதிரி.

முதல்ல சைக்கிள் விஷயத்தை முடிச்சிடுவோம். ரோடு பைக் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா அகலமான டயர். கிராவல் பைக்குன்னா சுருக்கமா அவ்வளவுதான். ரோடு பைக்குல 25, 28 மி.மீ. டயர் இருக்கும். கிராவல்ல 35-ல ஆரம்பிச்சு 50 வரைக்கும் போகும். டயர் அகலமானா காத்தைக் குறைச்சு வச்சுக்கலாம். காத்து குறைஞ்சா சின்னக் கல்லுகளை டயரே உள்வாங்கிக்கும். இல்லேன்னா ஒவ்வொரு கல்லுக்கும் உங்க உடம்பு மேல எகிறும், எகிறுன சக்தியெல்லாம் வீண். இப்போ உங்க ஊர்ப் பால்காரரோட பழைய கறுப்பு சைக்கிளைப் போய்ப் பாருங்க. டயர்ல 28 × 1½னு எழுதியிருக்கும். ஒன்றரை இன்ச்ன்னா 38 மி.மீ. அந்த சைக்கிள் மண் ரோட்டுக்குன்னே அளவெடுத்து வந்தது. கிராவல்ங்கிற பேரு மட்டும்தான் புதுசு. அதனால உங்க ஹைப்ரிட் சைக்கிள் ஃபிரேம்ல 38, 40 மி.மீ. டயர் உள்ள போச்சுன்னா, இந்த வாரமே கிளம்பலாம்.

சரி, எங்கே?

கீழ்பவானி வாய்க்கால் கரை. சர்வேயிங் பேப்பர்ல கான்டூர் கால்வாய்னு ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அதை சைக்கிள்ல உக்காந்து படிக்கணும்னா இங்க வாங்க. பவானிசாகர் அணையில கிளம்பி சுமார் 200 கி.மீ. போகுது. 1950-கள்ல வெட்டினது. தண்ணி தானா ஓடணும், ஆனா உயரத்தையும் சீக்கிரம் இழந்துடக் கூடாது. அதனால நிலத்தோட சம உயரக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு, மேடு வந்தா சுத்தி, பள்ளம் வந்தா வளைஞ்சு போகும். கரைமேல ஓட்டுற உங்களுக்கு இதுக்கு என்ன அர்த்தம்? ஏத்தமே கிடையாது. கால்வாய் எங்க போகுதோ அங்க போகலாம், கியர் மாத்துற வேலையே இல்ல. ஒரு பக்கம் வாய்க்காலுக்குக் கீழ வயலும் தென்னையும், இன்னொரு பக்கம் மேட்டுல மானாவாரிக் காடு. ஒரே கால்வாய் ரெண்டு நிலத்தைப் பிரிச்சு வச்சிருக்கறதை காருல போனா பார்க்க முடியாது.

காளிங்கராயன் வாய்க்கால் இன்னும் பழசு, 13-ஆம் நூற்றாண்டு. பவானியில ஆரம்பிச்சு நொய்யல் வரைக்கும் சுமார் 90 கி.மீ. நெளிஞ்சு நெளிஞ்சு போகும். பாம்பு போன தடத்துல வெட்டினாங்கன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. ஈரோடு டவுனுக்குள்ள வர்ற பகுதியை மட்டும் விட்டுடுங்க. சாயக்கழிவு வாடையில மூச்சு விட முடியாது.

ஆனா நான் இதை எழுத உட்கார்ந்தது வாய்க்காலுக்காக இல்ல, இட்டேரிக்காக. கொங்கு ஊர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: ரெண்டு பேர் காட்டுக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் உயிர்வேலி வச்ச வண்டிப்பாதைதான் இட்டேரி. மாட்டுவண்டியும் ஆடு மாடும் போக வர விட்ட வழி. வேலியில கிளுவை, கள்ளி, அதுமேல படர்ந்த பிரண்டை, கோவைக்கொடி, குன்றிமணி. உள்ள கௌதாரி, செம்போத்து, கீரி. காங்கேயம் பக்கம் போனீங்கன்னா இட்டேரிக்கு ரெண்டு புறமும் கொறங்காடு இருக்கும். கிளுவை வேலி போட்டு, நடுவுல வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல், அதுல மேயற காங்கேயம் மாடு. வெயில் காலத்துலயும் இட்டேரிக்குள்ள நுழைஞ்சா சூடு ஒரு படி குறையும். லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. எதிர்ல வர்றவர் "என்னங் தம்பி, வழி தவறிட்டீங்களா?"ன்னு கேப்பார், அவ்வளவுதான் டிராஃபிக்.

இந்த இட்டேரிகள் வேகமா காணாமப் போயிட்டு இருக்கு. மாட்டுவண்டி போனதும் பாதைக்கு வேலை இல்லாமப் போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதல்ல வேலியை எடுத்துட்டு கம்பி போடுவார். அடுத்த வருஷம் கம்பி ரெண்டடி தள்ளி வரும். காடு சைட்டா மாறினா, காம்பவுண்டு சுவர் வந்துடும். யாரும் நடக்காத பாதைக்காக யார் போய்க் கேக்கப் போறாங்க?

இத்தாலியிலயும் இதே கதை நடந்திருக்கு. டஸ்கனியில கியான்டி பகுதியோட வெள்ளை மண் ரோடுகள் தாருக்கு அடியில போயிட்டு இருந்தப்போ, 1997-ல கயோலேங்கிற சின்ன ஊர்ல சிலர் லெரோயிகான்னு ஒரு சைக்கிள் பயணம் தொடங்கினாங்க. பழைய சைக்கிள், பழைய உடுப்பு, மண் ரோடு. அந்த ரோடுகளைக் காப்பாத்தணும்ங்கிறது அதோட நோக்கங்கள்ல ஒண்ணு. அதுலேர்ந்துதான் 2007-ல ஸ்ட்ராடே பியாங்கே ரேஸ் பிறந்துச்சு. நீங்க யூடியூப்ல வாயைப் பிளந்து பார்க்கிற அந்தப் புழுதி, காப்பாத்தி வச்ச புழுதி.

"உன் சைக்கிள் சொகுசுக்காக கிராமத்துக்காரன் சேத்துல நடக்கணுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஊருக்குப் போற ரோட்டுக்குத் தார் வேணும். ஸ்கூல் பஸ்ஸும் 108-ம் வரணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. இட்டேரி அந்த ரோடு இல்ல. அது மண்ணா இருந்தா மழைத்தண்ணி இறங்கும், வேலி நிக்கும், ஆடு மேயும். வாய்க்கால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. கீழ்பவானியில கான்கிரீட் போடறதா வேண்டாமான்னு விவசாயிகளே ரெண்டு பக்கமா நிக்கிறாங்க. கடைமடைக்குத் தண்ணி போகணும்னு ஒரு தரப்பு. கசிவு நின்னா கிணறு வத்தும், கரை மரம் போயிடும்னு இன்னொரு தரப்பு. வாரக் கடைசியில சைக்கிள்ல வர்ற நாம அதுல தீர்ப்பு சொல்ல முடியாது. இட்டேரி விஷயத்துல மட்டும் நம்மால ஒண்ணு முடியும்.

ரெக்கார்டு பண்றது. சர்வே எண் தெரிஞ்சா எஃப்எம்பி ஸ்கெட்சை அரசு இணையதளத்துலயே இலவசமா பார்க்கலாம். வண்டிப்பாதை பல இடங்கள்ல அதுல இருக்கும், தரையில இருக்காது. நீங்க ஓட்டின தடத்தை போன்லயே ஜிபிஎக்ஸ் ஃபைலா எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல 'டிராக்'னு ஏத்துங்க. மண் எப்படி இருக்குன்னு கிரேடு 1 முதல் 5 வரை குறிக்க இடம் இருக்கு. பாதை வரைபடத்துல இருந்தா அடுத்த ஆள் வருவார். ஆள் போற பாதையை அடைக்கிறது கொஞ்சமாவது கஷ்டம். ஸ்ட்ராவாவுல கிடைக்கிற கைத்தட்டலை விட இது உருப்படியான வேலைன்னு நான் நினைக்கிறேன்.

காட்டைப் பத்தி ஒரே வார்த்தை. சத்தியமங்கலம் 2013-லேர்ந்து புலிகள் காப்பகம், 1,400 சதுர கி.மீ.க்கு மேல. உள்ள போற மண் பாதையெல்லாம் வனத்துறைக்கானது. அனுமதி இல்லாம நுழையறது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், யானைக்கு நீங்க வர்ற சத்தம் கேக்காது. சைக்கிளோட பெருமையே சத்தம் இல்லாததுதான், அங்க அதுவே ஆபத்து. திம்பம் ஏறி 27 கொண்டை ஊசி வளைவையும் ரீல் போடணும்ங்கிற ஆசை இருந்தா, அந்த லாரிகளுக்குப் பின்னாடி நின்னு ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்க, தெளிஞ்சிடும். மலையைப் பார்த்துக்கிட்டே கீழ ஓட்டுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி: வாய்க்கால்ல வழக்கமா ஆகஸ்ட் நடுவுல தண்ணி விடுவாங்க. அதுக்கப்புறம் வர்ற மாதங்கள்தான் கரைக்கு அழகு. காத்து 35 பிஎஸ்ஐ பக்கத்துல வச்சுப் பாருங்க, உங்க எடைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைங்க. சீமைக்கருவேல முள்ளை விட நெருஞ்சிதான் எமன், தெரியவே தெரியாது. ஸ்பேர் டியூப் ரெண்டு, பம்பு ஒண்ணு, தண்ணி ரெண்டு பாட்டில். ஆடு எதிர்ல வந்தா இறங்கி நில்லுங்க, அது அதுங்க ரோடு. கேட் இருந்தா திறந்த மாதிரியே மூடிட்டுப் போங்க.

ஹாஸ்டல்ல நாங்க நாலு பேர் போன செமஸ்டர்லேர்ந்து பதினோரு இட்டேரி ஏத்தியிருக்கோம். போன வாரம் திரும்பப் போனப்போ ஒன்பதுதான் முழுசாப் போக முடிஞ்சது. மத்த ரெண்டுல நடுவுல புதுக் கம்பி வேலி. உங்க ஊர்ப் பக்கத் தடம் ஏதாவது போன்ல இருந்தா அழிக்காம அனுப்புங்க, அந்த ரெண்டையும் சேர்த்தே வரைபடத்துல வச்சிருக்கோம்.