டிரம்மைச் சரி பண்ணச் சொன்னா ஆளையே மாத்துறதா?

விருதுநகர் பங்குனிப் பொங்கல். அக்கினிச்சட்டிக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு பேண்டு செட்டைப் பதிவு பண்ணேன். பெரிய டிரம் பக்கத்துல என் செல்போன், ஆறு மீட்டர் தள்ளி நண்பரோட செல்போன், சுத்தியும் சரவெடி. வீட்டுக்கு வந்து கேட்டா 'தொம்'முனு இருக்க வேண்டிய டிரம் காலி அட்டைப்பெட்டியைத் தட்டுன மாதிரி 'டப்'புங்குது. தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன்.

ஒரு ஸ்டுடியோவுல கொடுத்தேன். "இது தேறாது சார், சாம்பிள் போட்டுரலாம்"னாங்க. அதாவது, அடி விழுற ஒவ்வொரு இடத்துலயும் எங்கேயோ யாரோ அடிச்சு வச்ச கிக் சத்தத்தை ஒட்டுறது. வந்தது. சும்மா அதிருச்சு. டிரம் அடிச்ச அண்ணாச்சிகிட்டப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி:

"நல்லாருக்கு தம்பி. யாரு வாசிச்சது?"

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அய்யா சாமிகளா, மோசமா பதிவானதைச் சரி பண்றது வேற. வாசிச்சவரை எழுப்பி விட்டுட்டு இன்னொருத்தரை உக்கார வைக்கிறது வேற. 'தேறாது'ன்னு சொன்ன அதே பதிவை நானே உக்காந்து நோண்டினேன். நான் ஒண்ணும் பெரிய அப்பாடக்கர் இல்ல, கேட்டுக் கேட்டுப் பண்ணதுதான்.

முதல்ல ரெண்டு போன் பதிவையும் பொருத்தினேன். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆறு மீட்டர்னா 17, 18 மில்லி செகண்டு லேட்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு இருந்துச்சு. நகர்த்தி அடிக்கு அடி பொருத்தினதும் பாதி 'தொம்' திரும்பி வந்துருச்சு. அப்புறம் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் குறைச்சேன், அட்டைப்பெட்டி போச்சு. 3000 ஹெர்ட்ஸுக்கு மேல லேசா ஏத்தினதும் குச்சி விழுறது தெரிஞ்சுது. சரவெடி வெடிச்சப்ப போன் தானாவே அமுக்கிட்ட அடிகளை ஒவ்வொண்ணா கையால தூக்கி விட்டேன். அடியில கனம் பத்தல. 60 ஹெர்ட்ஸ் ஈக்யூவை ஏத்தினா இரைச்சல்தான் வரும், இல்லாததை ஏத்த முடியாதே! அதனால 60 ஹெர்ட்ஸ்ல ஒரு வெறும் டோனை ஓட விட்டு, அவர் அடிக்கும்போது மட்டும் திறக்குற மாதிரி ஒரு கேட் வச்சேன். அவர் கை போன வழியில அது போகும், அவ்வளவுதான்.

கிளிப் ஆகி நசுங்கின உச்சி மட்டும் முழுசா திரும்பாது. அது என் தண்டனை.

'கேக்குறவனுக்கு அதிர்ந்தாப் போதும்'னு சொல்றவங்களுக்கு: நாங்க சிவகாசிப் பக்கம்யா. குருவி வெடியும் காதைக் கிழிக்கும், ஆனா நெஞ்சுல இறங்குறது அணுகுண்டு. சத்தம் வேற, கனம் வேறன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடிக்கே 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல்னு 1999லயே வரம்பு வச்சுட்டாங்க. மிக்ஸிங்குக்குத்தான் வரம்பே இல்ல!

சினிமாவுக்கும் கல்யாண வீடியோவுக்கும் நேரம் கிடையாது, சாம்பிள்தான் சுலபம். வாஸ்தவம். அங்க போட்டுக்கோங்க. ஆனா 'எங்க ஊரு மேளம்'னு பேர் போட்டு ஏத்துறீங்க பாருங்க, அதுல எங்க ஊரு ஆள் இருக்கணும். அண்ணாச்சி சட்டி தூக்குறவங்க நடைக்கு ஏத்த மாதிரி மெதுவா ஒண்ணு, ஓங்கி ஒண்ணுன்னு அடிப்பார். சாம்பிள் எல்லாத்தையும் ஒரே அடியா அடிக்குது. இன்னிக்குப் பதிவுல அவர் வேண்டாம்னா, நாளைக்குத் திருவிழாவுக்கு எதுக்கு அவரைக் கூப்பிடணும்? ஒரு பேடும் ஒரு ஸ்பீக்கரும் போதாதா?

ரெண்டாவது மிக்ஸையும் கொண்டு போய்ப் போட்டேன். இந்தத் தடவை யாருன்னு கேக்கல. நடுவுல நிறுத்தச் சொல்லி, "இந்த இடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்ல?"ன்னார்.

டிஸ்கி: அந்த அவசரத்தை நான் திருத்தல.